பெயர் ஒருவருக்கு, இலக்கம் இன்னொருவருக்கா?
கணனிப் பட்டியல்களில் நிரல் நகராமல் காப்பது எப்படி



முன்பெல்லாம் தோட்டத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் தேவை என்றால் பெரிய கிளாக்கர் ஐயா கோடு போட்ட தாளில் கையால் எழுதுவார். அல்லது ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுப்பார். இப்போது காலம் மாறிவிட்டது. பசறை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் கணனி படித்த ஒரு பிள்ளையாவது லயத்தில் இருக்கிறது. மரணாதார சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், கோயில் திருவிழாக் கணக்கு, வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கும் குடும்ப விபரம், பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகளே அடித்துத் தருகிறார்கள். இது எமக்கெல்லாம் பெருமையான விடயம்தான்.

ஆனால் இதோடு சேர்ந்து ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. வீட்டில் அடிக்கும்போது நேராக இருந்த பட்டியல், வேறு கணனியில் திறந்தால் கோணல் மாணலாகக் கிடக்கிறது. பெயர் ஓர் இடத்தில், அடையாள அட்டை இலக்கம் வேறோர் இடத்தில், தொகை அடுத்த வரியில். பார்க்க அசிங்கமாக இருப்பது மட்டும் இதில் உள்ள பிரச்சினை அல்ல. ஒருவருடைய இலக்கம் இன்னொருவருடைய பெயருக்கு நேராக வந்துவிட்டால், அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேராது. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றிச் சற்று விபரமாகப் பார்ப்போம். கணனி தொடாதவர்களும் கடைசிப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள், அல்லது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்களுக்காகவே எழுதப்பட்டது.

எப்படித் தவறு நடக்கிறது?

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு பட்டியலில் இருபது பேர். முதலில் தொடர் இலக்கம், அடுத்தது பெயர், பிறகு அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கடைசியில் தொகை. மேலிருந்து கீழாகப் போகும் வரிசைக்கு நிரல் என்றும், இடமிருந்து வலமாகப் போகும் வரிக்கு நிரை என்றும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஏழாவது நிரையில் இருப்பவருக்கு அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். பட்டியலை டவுனில் உள்ள ஒரு கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அங்கே திறந்தபோது எல்லாம் கலைந்து கிடக்கிறது. அச்செடுப்பவர் அவசரத்தில், கண்பார்வைக்கு எது சரியோ அந்த மாதிரித் தள்ளித் தள்ளி வைக்கிறார். வெறுமையாக இருந்த ஏழாவது இடத்துக்கு எட்டாவது ஆளின் இலக்கம் ஏறிவிடுகிறது. எட்டுக்கு ஒன்பது, ஒன்பதுக்குப் பத்து. இப்படியே கடைசி வரை ஒரு படி மேலே நகர்ந்துவிடுகிறது. பார்வைக்கு நிரல் நேராகவே இருக்கும். ஆனால் ஏழாம் ஆளிலிருந்து எல்லாமே பிழை!

எமது மக்களுக்குப் பத்திரத்தின் பெறுமதியைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும், ஒரு காகிதத்துக்காக எத்தனை குடும்பங்கள் எத்தனை வருடம் அலைந்தன என்பது வீட்டில் உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். ஊழியர் சேமலாப நிதியும் அதுபோலத்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில் கொடுப்பவரிடமிருந்து 12 சதவீதமும் மாதாமாதம் போகிறது. அது ஒரு பெயருக்கும் ஓர் இலக்கத்துக்கும்தான் போய்ச் சேருகிறது. பெயரும் இலக்கமும் பிரிந்துபோனால், முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்தவர் கடைசியில் ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டிவரும்.

ஏன் நகர்கிறது?

டைப்ரைட்டரை நினைத்துப் பாருங்கள். ஆங்கில டைப்ரைட்டரில் மெல்லிய 'ஐ' எழுத்துக்கும் அகலமான 'டபிள்யூ' எழுத்துக்கும் ஒரே அளவு இடம்தான். ஆகவே இடைவெளி விசையை எண்ணி எண்ணித் தட்டினாலே நிரல் நேராக வந்துவிடும். அந்தப் பழக்கம்தான் இன்னும் எம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கணனியில் அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். தமிழில் இது இன்னும் அதிகம். 'ர' ஒடுக்கம், 'ணொ' எவ்வளவு அகலம் பாருங்கள். 'கலா' என்ற பெயருக்குப் பிறகு இருபது தடவையும் 'பாலசுப்பிரமணியம்' என்ற பெயருக்குப் பிறகு ஐந்து தடவையும் இடைவெளி தட்டினால், அந்தக் கணனியில், அந்த எழுத்துருவில், அந்த அளவில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய நேராக நிற்கும். எழுத்துரு மாறினாலோ அளவு மாறினாலோ எல்லாம் போச்சு.

இதற்காகத்தான் டெப் என்ற விசை இருக்கிறது. விசைப்பலகையின் இடப்பக்கத்தில், எதிரெதிராக இரண்டு அம்புக்குறி போட்டிருக்குமே, அதுதான். இதை எமது ரயில் பாதையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பண்டாரவளையிலிருந்து புறப்படும் ரயில் எல்ல, தெமோதர, ஹாலி-எல என்று நின்று பதுளைக்கு வருகிறது. பெட்டியில் பத்துப் பேர் இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும் ஸ்டேஷன் இருக்கிற இடத்தில்தான் நிற்கும். இடைவெளி விசை என்பது கால்நடை. அவரவர் எட்டு வைக்கும் அளவுக்கு வேறு வேறு இடத்தில் போய் நிற்பார்கள். டெப் என்பது ரயில். பெயர் சிறிதோ பெரிதோ, அடுத்த ஸ்டேஷனில்தான் போய் நிற்கும்.

ஆனால் ஸ்டேஷனை நாம்தான் அமைக்க வேண்டும். அமைக்காமல் வெறுமனே டெப் விசையைத் தட்டினால், வேர்டில் கணனி தானாகவே அரை அங்குலத்துக்கு ஒரு ஸ்டேஷன் வைத்துக்கொள்ளும். சின்னப் பெயருக்கு நாலு தட்டு, பெரிய பெயருக்கு ஒரு தட்டு என்று தட்ட வேண்டிவரும். வேறு எழுத்துருவில் திறக்கும்போது பெரிய பெயர் ஒரு ஸ்டேஷனைத் தாண்டிவிட்டால், அந்த நிரை மட்டும் ஒரு படி தள்ளிப்போகும். 'டெப்தானே போட்டோம், ஏன் நகர்ந்தது?' என்று பிள்ளைகள் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

வடிவம் மாறும்போது என்னென்ன ஆகிறது?

ஒன்று: வேர்டிலிருந்து வெறும் எழுத்துக் கோப்புக்கு மாற்றினால், அமைத்து வைத்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகும். டெப் குறி மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் எட்டு எழுத்துக்கு ஒரு நிறுத்தம் என்று தானாக வைத்துக்கொள்ளும்.

இரண்டு: பிடிஎப் கோப்பு. இது அச்சடித்த தாள் மாதிரி. எந்தக் கணனியில் திறந்தாலும் நிரல் நகராது. ஆனால் அதை மறுபடி வேர்டாக மாற்றும்போது வில்லங்கம் வருகிறது. பிடிஎப்புக்குள் டெப் என்று ஒன்று கிடையாது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டும்தான் இருக்கும். மாற்றும் மென்பொருள் ஊகித்து ஓரிடத்தில் இடைவெளியும், ஓரிடத்தில் டெப்பும், இன்னோரிடத்தில் தனிப் பெட்டியும் போட்டுவிடும். ஆகவே இப்படி மாற்றிய பட்டியலை வரி வரியாகப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கவே கூடாது.

மூன்று: பாமினி எழுத்திலிருந்து யுனிகோடுக்கு மாற்றுவது. இது எமது நாட்டில் நாளாந்தம் நடப்பது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யுனிகோடு அப்படியல்ல. அதில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் சொந்த இடம் இருக்கிறது. தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே அதில் இடம் கொடுத்துவிட்டார்கள். பதுளை, பண்டாரவளை, ஹாலி-எல, ஹப்புத்தளை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டு இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. இப்படி இரண்டு மொழியும் ஒரே தாளில் வர வேண்டிய எமது மாவட்டத்துக்கு யுனிகோடுதான் பொருத்தம்.

மாற்றும்போது இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். எழுத்தின் அகலம் மாறும், அதனால் நிரல் நகரும். அதைவிட முக்கியமானது இது: பாமினியில் ஆங்கில 'வீ' எழுத்தின் இடத்தில் 'ஏ' இருக்கிறது, 'எக்ஸ்' இடத்தில் 'ஓ' இருக்கிறது. கமா இடத்தில் 'இ' இருக்கிறது. முழுத் தாளையும் ஒரேயடியாக மாற்றினால், பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் இருக்கும் 'வீ' எழுத்து 'ஏ' ஆகிவிடும். இருபத்தைந்தாயிரம் ரூபா '25இ000' ஆகிவிடும். சில தமிழ் அறிவித்தல்களில் இலக்கத்துக்கு நடுவே 'இ' எங்கிருந்து வந்தது என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். இங்கிருந்துதான் வந்தது! ஆகவே பெயர் நிரலை மட்டும் தனியாக மாற்றுங்கள். இலக்க நிரல்களைத் தொடாதீர்கள்.

சரிசெய்யும் முறை

பட்டியல் அடிக்கும் பிள்ளைகள் இதைக் கத்தரித்து கணனிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். வேர்ட் மென்பொருளை வைத்துச் சொல்கிறோம்.

1. திருத்தத் தொடங்குமுன் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும்.

2. மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் சொல்லுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 8ஐத் தட்டினால் போதும். இடைவெளி சிறு புள்ளியாகவும், டெப் அம்புக்குறியாகவும் தெரியும். எங்கே நடந்து போனார்கள், எங்கே ரயிலில் போனார்கள் என்று இப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

3. வெறுமையான இடங்களை முதலில் நிரப்புங்கள். அடையாள அட்டை இல்லாதவருக்கு 'இல்லை' என்று எழுதுங்கள், அல்லது ஒரு சிறு கோடு போடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். காலியிடம்தான் எல்லாப் பிழைக்கும் தாய்.

4. இடைவெளிகளை டெப்பாக மாற்றுங்கள். தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, தேட வேண்டிய இடத்தில் இரண்டு இடைவெளி தட்டுங்கள். மாற்ற வேண்டிய இடத்தில் 6ஆம் விசைக்கு மேலுள்ள கூரைக் குறியையும் அடுத்து ஆங்கிலச் சின்ன 'டி' எழுத்தையும் போடுங்கள். டெப்புக்கு இதுதான் குறி. ஓர் இடைவெளியைத் தேடக் கூடாது. முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் டெப்பாகிவிடும்.

5. இப்போது பக்கத்தில் பக்கத்தில் பல டெப் இருக்கும். இரண்டு டெப்பைத் தேடி ஒரு டெப்பாக மாற்றுங்கள். 'இன்னும் இல்லை' என்று கணனி சொல்லும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 3ஆம் படியை ஏன் வற்புறுத்தினோம் என்று இங்கே விளங்கும். காலியிடம் இருந்திருந்தால் அதையும் கணனி இப்போது விழுங்கியிருக்கும்.

6. எல்லா நிரைகளையும் தெரிவுசெய்து, அட்டவணை பகுதியில் எழுத்தை அட்டவணையாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்கும்போது டெப் என்று சொல்லுங்கள். எத்தனை நிரல் என்று பெட்டியில் காட்டும். உங்கள் பட்டியலில் ஐந்து நிரல் என்றால் அங்கேயும் ஐந்துதான் இருக்க வேண்டும். ஆறு என்று காட்டினால் எங்கோ ஒரு நிரையில் டெப் கூடியிருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

அட்டவணையாக்கிவிட்டால் ஒவ்வோர் இலக்கமும் தனிப் பெட்டிக்குள் போய்விடும். எழுத்துரு மாறினாலும் ஒருவர் பெட்டியிலிருந்து இன்னொருவர் பெட்டிக்குத் தாண்டாது. ஆட்களின் பெயரும் இலக்கமும் வரும் பட்டியல் எதுவானாலும் அட்டவணைதான் நல்லது.

சின்ன விடயத்துக்கு, உதாரணமாகத் திருவிழாச் செலவு விபரத்துக்கு, டெப் போதும். முதலில் எல்லா வரிகளையும் தெரிவுசெய்யுங்கள். பலர் இதை மறந்து ஒரு வரிக்கு மட்டும் ஸ்டேஷன் அமைத்துவிடுகிறார்கள். பிறகு மேலே உள்ள அளவுகோலில் வேண்டிய இடத்தில் மவுஸால் அழுத்துங்கள். பெயருக்கு இடப்பக்க டெப், ரூபாவும் சதமும் உள்ள தொகைக்குத் தசம டெப். தசம டெப் போட்டால் புள்ளிக்கு நேராகப் புள்ளி வந்து நிற்கும், கூட்டிப் பார்க்கவும் லேசு.

எக்செல் பாவிப்பவர்களுக்கு

எக்செல்லில் நிரல் தானாக நகராது. ஆனால் அங்கே வேறு மூன்று குழி இருக்கிறது.

முதலாவது, 2016ஆம் ஆண்டிலிருந்து வரும் அடையாள அட்டைக்கு 12 இலக்கம். அதைச் சும்மா அடித்தால் நடுவில் புள்ளியும் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் வைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சீஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போயே போய்விடும். இரண்டாவது, முன்னால் வரும் பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும். பதுளையின் 055 வெறும் 55 ஆகும். வங்கிக் கணக்கு இலக்கம் பூச்சியத்தில் தொடங்கினால் அதுவும் குறையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அடிக்கத் தொடங்குமுன் அந்த நிரல் முழுவதையும் 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்து. பெயர்களை அகர வரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினால், பெயர்கள் இடம் மாறும், இலக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு நொடியில் இருநூறு பேருக்கும் அடுத்தவர் இலக்கம்! பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று கணனி கேட்கும்போது 'ஆம்' என்பதையே கொடுங்கள்.

கையொப்பம் வைக்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை

இனி இது குடும்பத்தார் எல்லோருக்கும். பட்டியலில் கையொப்பம் வைக்கச் சொல்லும்போது, கூட்டமாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஒரு நிமிடம் போதும்.

• ஓர் அடிமட்டத்தையோ மடித்த தாளையோ உங்கள் பெயருக்குக் கீழே நேராக வையுங்கள். அந்த வரியில் இருப்பது மட்டும்தான் உங்களுடையது.

• அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 'சரியாத்தான் இருக்கும்' என்று விட்டுவிட வேண்டாம்.

• அட்டை கையில் இல்லையா? இலக்கத்தை வைத்தே பார்க்கலாம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1980ஆம் ஆண்டு ஜனவரி 15 பிறந்த ஆணுக்கு 80015 என்றும் பெண்ணுக்கு 80515 என்றும் தொடங்கும். புதிய இலக்கத்தில் வருடம் முழுதாக வரும்: 1980015, 1980515. ஆகவே ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அந்த மூன்று இலக்கம் 500க்குக் குறைவாக இருந்தால் அது அவருடைய இலக்கம் அல்ல. உடனே சொல்லுங்கள்.

• உங்களுடையது பிழை என்றால் மேலே உள்ளவரையும் கீழே உள்ளவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நிரல் நகரும்போது ஒருவருக்கு மட்டும் பிழை வருவது குறைவு.

• தொகை 'இ' என்ற எழுத்தோடு இருந்தாலோ, அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் 'ஏ' அல்லது 'ஓ' இருந்தாலோ, அந்தத் தாள் பாமினியிலிருந்து மாற்றப்பட்டது. திருத்தி வேறு தாள் தரச் சொல்லுங்கள்.

• பிழையைக் கண்டால் பேனாவால் வெட்டித் திருத்திக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். கணனியில் உள்ள பட்டியலும் திருத்தப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அச்சாகப்போவது அதுதான்.

சங்கத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலை வெளியில் கொடுக்கும்போது இரண்டாகக் கொடுங்கள். பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் ஒரு பிடிஎப், திருத்துவதற்கு அட்டவணையாக்கிய ஒரு கோப்பு. கொடுக்குமுன் ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் புதியதைப் பார்த்துச் சரி போடட்டும். முதல் நிரை, நடு நிரை, கடைசி நிரை மூன்றையும் கட்டாயம் பாருங்கள். கடைசி நிரை சரியாக இல்லாவிட்டால் நடுவில் எங்கோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த தடவை பிரட்டுக் களத்திலோ சங்கக் கூட்டத்திலோ ஒரு பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது அடிமட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு வரி உங்களுடைய உழைப்பு. அதை நேராக வைத்துக்கொள்வது எமது எல்லோருடைய கடமையுமாகும்.